ஹெட்ஃபோன் பெட்டியில் இருக்கும் எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்வதில்லை?

வீட்டில் உட்கார்ந்து நிம்மதியாகப் பாட்டுக் கேட்க ஒரு ஹெட்ஃபோன் வாங்கலாம் என்று தேட ஆரம்பித்தால், முதலில் கண்ணில் படுவது எண்கள்தான். 300 ஓம். சத்தத்தை அளக்கும் அலகில் 97 டெசிபல். 5 முதல் 40,000 ஹெர்ட்ஸ். 32 பிட், 384 கிலோஹெர்ட்ஸ். தனியாக ஆம்ப் வேண்டும் என்கிறார் ஒருவர். டிஏசி இல்லாவிட்டால் எல்லாம் வீண் என்கிறார் இன்னொருவர். கேபிளை மாற்றியதும் திரை விலகியது போல இருந்தது என்கிறார் மூன்றாமவர்.

இந்த எண்களில் பெரும்பாலானவை, காதுக்கு வித்தியாசமே தெரியாத இடங்களைப் பற்றியவை. ஒலியை நிஜமாகவே மாற்றிப்போடும் விஷயங்களுக்குப் பெட்டியில் இடமே இருப்பதில்லை. குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

பாட்டு காதுக்கு வந்து சேரும் வழி

எந்தக் கருவியாக இருந்தாலும் பாதை ஒன்றுதான்:

1. பதிவு. ஸ்டூடியோவில் பாடி, கலந்து, கடைசியாக மெருகேற்றி முடித்த கோப்பு. மெருகேற்றும் அந்தக் கடைசி வேலைக்கு மாஸ்டரிங் என்று பெயர்.

2. டிஏசி. கோப்பில் இருக்கும் எண்களை மின்சார அலையாக மாற்றும் சில்லு. ஃபோன், லேப்டாப், டிவி எல்லாவற்றுக்குள்ளும் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

3. ஆம்ப். அந்த மெல்லிய அலைக்கு ஹெட்ஃபோனையோ ஸ்பீக்கரையோ அசைக்கும் அளவு வலுவூட்டுவது.

4. ஹெட்ஃபோன் அல்லது ஸ்பீக்கர். மின்சாரத்தைக் காற்றின் அசைவாக மாற்றும் இடம்.

5. காதும் அறையும். ஹெட்ஃபோன் என்றால் காதோடு அது பொருந்தும் விதம். ஸ்பீக்கர் என்றால் நான்கு சுவர்கள்.

ஒழுங்காகச் செய்யப்பட்ட இரண்டு டிஏசிகளை எடுத்து ஒலியின் அளவை அளந்தால், கேட்கும் எல்லை முழுவதிலும் வித்தியாசம் ஒரு டெசிபலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டுவது அபூர்வம். இரண்டு ஹெட்ஃபோன்களை அளந்தால் சில இடங்களில் 10 டெசிபல் வரை விலகி நிற்கும். காது ஏறக்குறைய 10 டெசிபல் கூடினால் ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று உணர்கிறது. அதாவது ஒரு ஹெட்ஃபோனில் ஒட்டி உரசிக்கொண்டு வரும் மிருதங்கத்தின் தொப்பி, இன்னொன்றில் பாதிச் சத்தத்தில்தான் வரும். அப்படியிருக்க, முதலில் கவனிக்க வேண்டியது 1, 4, 5 ஆகிய மூன்றும்தான். விளம்பரங்கள் அதிகம் பேசுவதோ 2-ஐயும் 3-ஐயும் பற்றி.

‘20–20,000 ஹெர்ட்ஸ்’ என்பது ஏன் வெற்று வரி

ஒலி அலை ஒரு நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதுதான் ஹெர்ட்ஸ். மனிதக் காதின் எல்லை சுமாராக 20 முதல் 20,000 வரை. மேல் எல்லை வயது ஏற ஏறக் கீழே இறங்கிக்கொண்டே வரும். பெட்டியில் இருக்கும் வரி ‘இந்த எல்லைக்குள் ஏதோ ஒரு சத்தம் வரும்’ என்று மட்டும்தான் சொல்கிறது. எந்த இடத்தில் எவ்வளவு கூடுதல், எங்கே குறைச்சல் என்று சொல்வதில்லை. 5 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்று எழுதியிருக்கும் ஹெட்ஃபோனில் 50 ஹெர்ட்ஸே மெலிந்து கிடக்கலாம். ‘கூடக்குறைய இத்தனை டெசிபலுக்குள்’ என்ற சேர்க்கை இல்லாவிட்டால் அந்த வரிக்கு மதிப்பு கிடையாது.

உபயோகமானது வரைபடம். இடமிருந்து வலமாக அதிர்வெண், கீழிருந்து மேலாகச் சத்தம். ஆனால் அதிலும் ஒரு கண்ணி உண்டு. நேர்கோடாக இருந்தால் நல்ல ஹெட்ஃபோன் என்று தோன்றும். அப்படியில்லை. வெளியிலிருந்து வரும் சத்தத்தைக் காது மடலும் காதுத் துவாரமும் 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இயல்பாகவே தூக்கிவிடுகின்றன. பிறந்ததிலிருந்து அப்படிக் கேட்டே பழகியிருக்கிறோம். மடலை மூடி உட்காரும் ஹெட்ஃபோன் இந்த இயல்பான வழியைக் கலைத்துவிடுகிறது. ஆகவே செவிப்பறையில் அந்த மேடு குறையாமல் இருக்கும்படி அதை வடிவமைக்க வேண்டும். அங்கே சமதளமாக இருந்தால் பாடுபவர் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல இருக்கும்.

எவ்வளவு மேடு, எவ்வளவு பாஸ் (தாழ்ந்த சுருதிகளின் பலம்) என்ற கேள்விக்கு, ஒலிக் கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஓலிவ், டாட் வெல்டி முதலானோர் 2012 வாக்கில் தொடங்கி வரிசையாகச் சோதனைகள் நடத்தினார்கள். எந்த ஹெட்ஃபோன் என்று சொல்லாமல் கேட்க வைத்தபோது, பெரும்பாலானவர்களுக்குப் பிடித்தது, நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் தரும் ஒலியை ஒத்திருந்த ஹெட்ஃபோன்தான். அதிலிருந்து வந்ததுதான் இணையத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டும் ‘ஹார்மன் கோடு’. அது வேதவாக்கு அல்ல; சிலருக்குப் பாஸ் இன்னும் வேண்டும், சிலருக்கு அதுவே அதிகம். ஒப்பிட ஓர் அளவுகோல் என்ற வகையில் அதை விடச் சிறந்தது தற்போதைக்கு இல்லை.

விலை? 2017-இல் ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களின் அளவுகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார். அதிர்வெண் வரைபடத்துக்கும் விலைக்கும் தொடர்பு தென்படவில்லை என்பதுதான் அதன் முடிவு. விலை கூடினால் கட்டுமானம், எடை, உதிரிபாகம் கிடைப்பது ஆகியவை மேம்படலாம். ஒலியும் மேம்படும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

ஓமும் டெசிபலும்: ஆம்ப் வேண்டுமா, வேண்டாமா?

மின்சார ஓட்டத்துக்கு ஹெட்ஃபோன் காட்டும் தடைக்குப் பெயர் இம்பிடன்ஸ், ஓமில் அளப்பார்கள். ஒரு மில்லிவாட் கொடுத்தால் எவ்வளவு சத்தம் தரும் என்பது உணர்திறன், டெசிபலில் அளப்பார்கள். ‘ஓம் அதிகம் என்றால் ஆம்ப் வேண்டும்’ என்று ஒரு சூத்திரம் உலவுகிறது. பாதிதான் சரி. கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பாட்டின் உச்சக்கட்டத் தட்டல்கள் 110 டெசிபல் வரை போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இது தாராளமான அளவு.

அ) 300 ஓம், மில்லிவாட்டுக்கு 97 டெசிபல். இன்னும் 13 டெசிபல் ஏற வேண்டும். அதற்கு 20 மில்லிவாட். அதாவது ஏறக்குறைய 2.4 வோல்ட், 8 மில்லிஆம்பியர்.

ஆ) 32 ஓம், மில்லிவாட்டுக்கு 90 டெசிபல். 20 டெசிபல் ஏற வேண்டும். அதற்கு 100 மில்லிவாட். ஏறக்குறைய 1.8 வோல்ட், 56 மில்லிஆம்பியர்.

ஓம் குறைவாக இருக்கும் இரண்டாவதுதான் ஐந்து மடங்கு மின்திறன் கேட்கிறது. மின்னோட்டம் ஏழு மடங்கு. முதலாவதுக்கு வேண்டியது வோல்டேஜ், இரண்டாவதுக்கு வேண்டியது கரண்ட். இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்காமல் ஒன்றை மட்டும் பார்த்தால் தப்பாகத்தான் முடியும். இன்னொரு எச்சரிக்கை: சில நிறுவனங்கள் உணர்திறனை மில்லிவாட்டுக்கு எழுதுகின்றன, சில வோல்ட்டுக்கு எழுதுகின்றன. 32 ஓம் ஹெட்ஃபோனில் இந்த இரண்டுக்கும் நடுவே சுமார் 15 டெசிபல் வித்தியாசம் வரும். 300 ஓமில் சுமார் 5.

சரி, ஃபோனில் செருகும் சின்ன டாங்கிள் (டிஏசியும் ஆம்பும் சேர்ந்த துண்டு) ஒன்று 1 வோல்ட் தருகிறது என்றால் முதல் ஹெட்ஃபோனுக்குப் போதுமா? 1 வோல்ட்டில் அது 102 டெசிபல் வரை போகும். பாட்டின் சராசரிச் சத்தம் உச்சத்தைவிட 15, 20 டெசிபல் கீழே இருக்கும் என்பதால், சராசரியாக 82 முதல் 87 டெசிபல். அமைதியான வீட்டில் பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். மெல்லிய பதிவாக இருக்கும் பழைய கச்சேரியையோ சிம்பொனியையோ கேட்கும்போது மட்டும் வால்யூம் முழுக்கத் திருகியும் இன்னும் கொஞ்சம் வேண்டும் போல இருக்கும். அந்த நிலை வந்த பிறகு ஆம்ப் வாங்கினால் போதும்.

ஒரே ஹெட்ஃபோனையே பல ஓம்களில் விற்பதும் உண்டு. பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ 32, 80, 250 ஓம் என்று மூன்று வகையில் வந்தது. ஃபோனும் லேப்டாப்பும்தான் வீட்டில் இருக்கின்றன என்றால் குறைந்த ஓமை எடுப்பதே காரியம். 250-ஐ எடுத்துவிட்டு அதற்காக ஆம்ப் தேடி அலைவது தானே தேடிக்கொள்ளும் வேலை.

ஆம்பின் பக்கம் ஓர் எண் மட்டும் நிஜமாகவே முக்கியம்: அதன் வெளியீட்டு இம்பிடன்ஸ், அதாவது ஆம்ப் தன் பக்கத்தில் காட்டும் தடை. பல சிறு ஒலிப்பான்கள் அடங்கிய இயர்ஃபோன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இம்பிடன்ஸ் ஓர் அதிர்வெண்ணில் 10 ஓம், இன்னொன்றில் 40 ஓம் என்று ஏறி இறங்கும். 10 ஓம் வெளியீடு உள்ள கருவியில் செருகினால் முதல் இடத்தில் 6 டெசிபல் குறையும், இரண்டாவது இடத்தில் 2 டெசிபல்தான் குறையும். ஆக மொத்தம் 4 டெசிபல் அளவுக்கு அந்த இயர்ஃபோனின் குணமே மாறிவிடும். அதனால்தான் ஆம்பின் வெளியீடு ஹெட்ஃபோனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஒரு நடைமுறை விதி வைத்திருக்கிறார்கள். ‘இந்த ஆம்ப் ஒலியை வெதுவெதுப்பாக்குகிறது’ என்ற பேச்சில் ஒரு பகுதி இதிலிருந்து வந்ததுதான்.

புளூடூத் ஹெட்ஃபோனுக்கு இந்தப் பிரிவு முழுக்கவே பொருந்தாது. டிஏசியும் ஆம்பும் அதற்குள்ளேயே இருக்கின்றன. வெளியே எதை வாங்கி வைத்தாலும் அது வழியில் வராது.

திறந்ததா, மூடியதா?

இந்த ஒரு முடிவு, மேலே சொன்ன எண்கள் அத்தனையையும்விடத் தினசரி அனுபவத்தை மாற்றும்.

மூடிய வகையில் கிண்ணத்தின் பின்புறம் அடைபட்டிருக்கும். வெளிச்சத்தம் அவ்வளவாக உள்ளே வராது, உள்ளே ஓடும் பாட்டு பக்கத்தில் தூங்குபவரை எழுப்பாது. திறந்த வகையில் பின்புறம் வலைதான். கிண்ணத்துக்குள் எதிரொலி சேராது, காதும் வியர்க்காது. பாட்டு தலைக்குள் நெருக்கி அடைக்காமல் கொஞ்சம் விலகி, பரந்து நிற்பது போலக் கேட்கும். 1968-இல் சென்ஹைசரின் எச்டி 414 இந்த வகையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தனி அறையும் அமைதியும் இருக்கிறவர்களுக்குத் திறந்த வகையையே தயங்காமல் சொல்லலாம். மின்விசிறி, ஏசி, பக்கத்து அறை டிவி எல்லாம் ஓடும் இடத்தில் அது வீண். அந்த இரைச்சலை மீறி வால்யூமைக் கூட்டிக்கூட்டிக் காதுதான் கெடும். அங்கே மூடியதோ, இரைச்சல் நீக்கும் வசதி உள்ளதோதான் சரி. இரைச்சல் நீக்கம் ஒரே சீராக உறுமும் தாழ்ந்த சத்தத்தை நன்றாக அடக்கும். பேச்சுக் குரலை அந்த அளவுக்கு அடக்காது.

மூடிய வகையில் அதிகம் கவனிக்கப்படாத விஷயம் ஒன்று உண்டு. குஷன் கன்னத்தோடு ஒட்டி அடைத்தால்தான் பாஸ் நிற்கும். மூக்குக்கண்ணாடி போட்டிருப்பவர் அதன் கம்பியைக் குஷனுக்கு வெளியே தூக்கிப் பிடித்துவிட்டு அதே பாட்டை மறுபடி கேட்டுப் பார்க்கலாம். தாழ்ந்த சுருதிகள் சட்டென்று பருத்து வருவது கேட்கும். ஒரு மெல்லிய கம்பி விட்ட இடைவெளி, எந்த டிஏசியும் செய்ய முடியாத அளவு மாற்றத்தைச் செய்துவிடுகிறது. ஒரே ஹெட்ஃபோனை ஒருவர் ‘பாஸ் அள்ளுது’ என்றும் மற்றவர் ‘சப்பென்று இருக்கிறது’ என்றும் சொல்வது எப்படி என்பதற்கு விடை பல நேரம் இதுதான். இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். காதுக்குள் வைக்கும் இயர்ஃபோனுக்கும் இதே கதைதான். சிலிகான் முனையின் அளவை மாற்றிப் பார்க்காமல் அதைக் குறை சொல்லக் கூடாது.

அப்புறம் எடை, தலையை அழுத்தும் விதம். இரண்டு மணி நேரம் தலையில் வைக்க முடியாத ஹெட்ஃபோன் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் அலமாரிக்குத்தான் போகும்.

கோப்பு: 16 பிட் போதாதா?

1982-இல் வந்த சிடி, நொடிக்கு 44,100 முறை, ஒவ்வொரு முறையும் 16 பிட் என்று ஒலியைப் பதிந்தது. ஓர் அலையை அதன் அதிர்வெண்ணைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் அளந்தால் அதைப் பிசகில்லாமல் திரும்ப வரைந்துவிடலாம் என்பது நைக்விஸ்ட்–ஷானன் தேற்றம். 44,100-இல் பாதி 22,050; காதின் எல்லைக்கு மேலேயே இருக்கிறது. 16 பிட் என்பது மிக மெல்லியதற்கும் மிக உரத்ததற்கும் இடையே சுமார் 96 டெசிபல் இடம் தரும். வீட்டு அறையின் சாதாரண இரைச்சலே அந்த இடத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும்.

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் எல்லாம் ஒலிப்பதிவு செய்பவருக்கு உதவும். பிழைக்கு இடம் வைத்து வேலை செய்யலாம். கேட்பவருக்கு? 2007-இல் மேயர், மோரன் என்ற இருவர் நடத்திய சோதனையில், உயர்தரப் பதிவையும் அதையே சிடி தரத்துக்கு இறக்கியதையும் மறைத்துக் கேட்க வைத்தார்கள். சரியாகச் சொன்னது நாணயம் சுண்டினால் வரும் அளவில்தான் இருந்தது. சுருக்கிய கோப்பில்கூட, 256 கிலோபிட் ஏஏசி (ஒலிக் கோப்பைச் சுருக்கும் ஒரு முறை) போன்றவற்றை மூலத்திலிருந்து பிரித்துச் சொல்வது பெரும்பாலானவர்களுக்கு மிகக் கடினம். ஒரே பழைய ஆல்பத்தின் இரண்டு மாஸ்டரிங்குகளுக்கு நடுவே உள்ள வேறுபாடோ, காது கொடுத்துக் கேட்கும் யாருக்கும் தெரியும். ஒன்றில் தாளம் துள்ளும், சத்தத்தைக் கூட்டி நசுக்கிய மற்றதில் எல்லாம் ஒரே மட்டத்தில் கத்தும். தேட வேண்டியது நல்ல பதிப்பை. பெரிய கோப்பை அல்ல.

கேபிள் அறுந்திருக்கக் கூடாது, உரசினால் கரகரக்கக் கூடாது. அவ்வளவுதான்.

ஸ்பீக்கர் என்றால் அறைதான் பாதிக் கருவி

ஸ்பீக்கரில் வாட் எண்ணைப் பார்த்து மயங்குவது வழக்கம். 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல். ‘கொஞ்சம் கூடியிருக்கிறது’ என்ற அளவு. அறையோ இதைவிடப் பெரிய விளையாட்டை விளையாடும்.

எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 4 மீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 343 மீட்டர் போகும் ஒலி, சுமார் 43 ஹெர்ட்ஸில் இந்தச் சுவர்களுக்கு இடையே நின்று ஊசலாடும். சுவரை ஒட்டி அந்தச் சுருதி ஊதிப் பருக்கும். சரியாக நடுவில் காணாமல் போகும். நட்டநடுவில் நாற்காலி போட்டவர் ‘பாஸே இல்லை’ என்று தாழ்ந்த சுருதிக்கென்றே இருக்கும் சப்வூஃபர் ஸ்பீக்கர் ஒன்றைத் தேடுவார். பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர் ‘ஒரே கும்மென்று இருக்கிறது’ என்பார். இருவரும் நாற்காலியை அரை மீட்டர் நகர்த்தினால் பாதிப் பிரச்சினை முடிந்துவிடும், செலவில்லாமல். இரண்டு ஸ்பீக்கரும் தலையும் ஒரு சமபக்க முக்கோணமாக அமைந்து, உச்ச ஒலி தரும் சின்ன ஒலிப்பான் காது உயரத்தில் இருந்தால் குரல் நடுவில் வந்து நிற்கும்.

இன்னொரு வேறுபாடு. ஸ்பீக்கரில் வலப்பக்க ஒலி இடக் காதுக்கும் கொஞ்சம் போகும், ஹெட்ஃபோனில் போகாது. பாட்டு ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம் என்று பிரித்துப் பதிந்த ஆரம்பகால ஸ்டீரியோ இசை ஹெட்ஃபோனில் களைப்பூட்டுவது இதனால்தான். சில செயலிகளில் இருக்கும் கிராஸ்ஃபீட் என்ற வசதி, இரண்டையும் லேசாகக் கலந்து அந்தக் களைப்பைக் குறைக்கும்.

ஒப்பிடும்போது ஏமாறாமல் இருக்க

1. வால்யூமைச் சமன் செய்யுங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக ஓடும் கருவியைக் காது ‘சத்தம் அதிகம்’ என்று சொல்லாது. ‘தெளிவாக இருக்கிறது’ என்று சொல்லும். 1933-இல் ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் காட்டியது போல, சத்தம் குறைந்தால் தாழ்ந்த சுருதிகள் காதுக்கு இன்னும் வேகமாக மங்கும். ஒப்பீடுகளில் பாதி இந்த இடத்திலேயே பிழையாகிவிடுகின்றன.

2. தெரிந்த பாட்டை மட்டும் வையுங்கள். புதிய பாட்டில் எது கருவியின் குணம், எது பதிவின் குணம் என்று பிரிக்க முடியாது.

3. ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். ‘ஓட ஓட ஒலி பழுத்துவிட்டது’ என்பதில் பெரும்பகுதி, நம் காது அதற்குப் பழகிவிட்டது என்பதுதான்.

4. அதிர்வெண் வாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைத் தொட அஞ்ச வேண்டாம். உயர்ந்த சுருதிகள் காதைக் குத்தினால் அந்த இடத்தில் 3 டெசிபல் குறைத்துப் பாருங்கள். எங்காவது கூட்டினால், மொத்த அளவை அதே அளவுக்குக் குறைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உச்சத்தில் வெட்டுப்பட்டுக் கரகரக்கும்.

சத்தத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 83-இல் 20 மணி, 86-இல் 10, 89-இல் வெறும் 5. 

ஏற்கெனவே ஒரு நல்ல ஹெட்ஃபோன் வைத்திருந்து, முன்புபோல் இல்லையே என்று புதிதைத் தேடுகிறவர்கள் முதலில் அதன் குஷனைப் பார்க்கட்டும். தோல் உரிந்து, உள்ளிருக்கும் பஞ்சு அமுங்கி, காது உள்ளே துணியில் இடிக்கிறதா? அப்படியென்றால் அடைப்பும் போயிருக்கும், ஒலிப்பானுக்கும் காதுக்கும் உள்ள தூரமும் மாறியிருக்கும். அதே மாடலுக்கு உரிய குஷன் ஒரு ஜோடி மாற்றினால் பழைய ஒலி பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.